ராஜா இருந்த இடத்தில்

ஆஷ்பிரிட்ஜ், மாசசூசெட்ஸ்
1776 ஆகஸ்ட் 19, திங்கட்கிழமை

அன்பு மகன் ஆசகேலுக்கு உன் அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய தயவால் நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அங்கே இரண்டு காலில் திடமாக நிற்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன், வேறு மாதிரி நினைக்க எனக்குத் தைரியம் கிடையாது. ஜூலையில் நீ எழுதிய கடிதம் இப்போதுதான் கைக்கு வந்தது. நியூயார்க் துறைமுகத்தில் தண்ணீரே தெரியாத அளவுக்கு ராஜாவின் கப்பல்கள் வந்து நிற்கின்றன என்று எழுதியிருக்கிறாய், பெற்ற தாய்க்கு எழுதுகிற சேதியா இது? அதைப் படித்ததிலிருந்து எனக்கு உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை, நின்றால் கால் நிலைக்கவில்லை. அடுப்பில் ரொட்டியை வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போகிறேன், ரொட்டி கருகின பிறகு திரும்பி வருகிறேன். தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் போதும், மாவு ஒட்டிய கையோடு வாசல் படல் வரை ஓடுகிறேன். அந்தக் கடிதத்திலேயே, அங்கே ராஜா ஜார்ஜ் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிற சிலையைக் கயிறு கட்டி இழுத்துத் தள்ளி, ஈயத்தையெல்லாம் துப்பாக்கிக் குண்டாக உருக்குகிறார்கள் என்று எழுதியிருந்தாய் அல்லவா, அதை நான் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அப்பா முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், அந்தக் குதிரை என்னாச்சுன்னு எழுதியிருக்கானா என்றார். அவர் அப்படித்தான், உனக்குத் தெரியாததா.

ஊரில் மாட்டுக்குப் புல் அறுக்க ஆம்பிளை இல்லை, நானும் டீக்கன் ராய்ஸ் வீட்டு அம்மாவும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நாங்களே வாரிப் போட்டோம், இடுப்பு இன்னும் வலிக்கிறது. உனக்கு இரண்டு ஜோடி காலுறையும் ஒரு சட்டையும் வண்டிக்காரர் லெமுவேல் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன், அதை யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதே, உன் தாராள மனசு எனக்குத் தெரியும். பட்டாளத்துப் பாளையத்தில் பாதிப்பேர் வயிற்றுப்போக்கில் படுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன், பள்ளத்தில் தேங்கின தண்ணீரைத் தொடவே தொடாதே, ஆப்பிள் சைடர் கிடைத்தால் அதையே குடி, அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். யாராவது முன்னால் வர முடியுமா என்று கேட்டால் உடனே கையைத் தூக்கிக்கொண்டு போய் நிற்காதே, மற்றவர்களுக்கும் கை இருக்கிறது. இதையெல்லாம் முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன், ஏனென்றால் வீட்டில் நடந்த விஷயத்தை ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது, வேறு யாராவது அரைகுறையாக உன் காதில் போடுவதற்கு முன்னால் நானே சொல்வதுதான் நல்லது.

பிலடெல்பியாவில் காங்கிரஸ் போட்ட சுதந்திர அறிக்கை அச்சாகி இங்கேயும் வந்தது. ஒவ்வொரு சபையின் போதகரும் ஓய்வுநாள் ஆராதனை முடிந்த கையோடு அதைச் சபைக்கு வாசிக்க வேண்டும், வாசித்ததும் ஊர் எழுத்தரிடம் கொடுத்து ஊர்ப் பதிவில் ஏற்ற வேண்டும் என்று பாஸ்டனிலிருந்து உத்தரவு. நம் சபைக்குப் போதகர் அப்பாதானே, அந்த வாரம் முழுக்க அதைக் கையில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்கும் வீட்டுக்குமாக நடந்தார். அவருக்கு அதில் மறுப்பு இல்லை, நன்றாக எழுதியிருக்காங்க, நன்றாகவே எழுதியிருக்காங்க என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். நேற்றைக்கு முந்தின ஓய்வுநாளில் வாசித்தார் பார், நீ கேட்டிருக்க வேண்டும். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்ற இடத்தில் நிதானமாகச் சொல்லி, ராஜா செய்த அநியாயங்களை ஒவ்வொன்றாக அடுக்குகிற இடத்தில் குரல் ஏறிக்கொண்டே போய், கடைசியில் கையெழுத்துப் போட்ட ஹான்காக் பெயரைப் படித்து முடித்தபோது ஆராதனைக் கூடமே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. அதோடு ஆமென் சொல்லி இறங்கியிருக்கலாம். ஆனால் எதையும் ஜெபத்தோடு முடித்துத்தான் அவருக்குப் பழக்கம், கண்ணை மூடினார், கையை விரித்தார், மழைக்கும் விளைச்சலுக்கும் நோயாளிகளுக்கும் வேண்டினார், அப்படியே அதே மூச்சில், எங்கள் ராஜாவாகிய ஜார்ஜின் நாட்களைப் பெருகப்பண்ணும், அவருடைய சத்துருக்களின் கைக்கு அவரை விலக்கிக் காத்தருளும் என்றார்.

பாதிப்பேர் தலையை நிமிர்த்தவே இல்லை, முப்பது வருடமாகக் கேட்ட வார்த்தை, காதில் உறைக்கவில்லை. மாடியில் யாரோ சிரித்ததும்தான் விளங்கியது. அப்பாவுக்கு அப்போதும் விளங்கவில்லை, படியில் இறங்கி வரும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன, வாசிப்புல ஏதாவது விட்டுட்டனா என்று கேட்டார். போன ஓய்வுநாள் வரைக்கும் ராஜாவுக்காக வேண்டுவது போதகரின் கடமை, இந்த ஓய்வுநாளில் அது துரோகம், மனுஷன் நாக்கு அதற்குள் எப்படித் திரும்பும் சொல்.

மறுநாள் காலையே, ராஜா பக்கம் சாய்கிறவர்களைக் கண்காணிக்கிற பாதுகாப்புக் குழு வீட்டுக்கு வந்துவிட்டது, முன்னால் நம் சபை டீக்கன் ராய்ஸ். தொப்பியைக் கழற்றினார், உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. ஐயா, உங்க மனசு எனக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாதே, பக்கத்து ஊர்ல இப்பவே நம்மளை ராஜா விசுவாசிங்கன்னு கேலி பண்றாங்க என்றார். அடுத்த ஓய்வுநாளில் அறிக்கையை முதலிலிருந்து மறுபடி வாசிக்க வேண்டும், ராஜா இல்லாமல் ஜெபித்துக் காட்ட வேண்டும், தவறினால் செவ்வாய்க்கிழமை ஊர்க்கூட்டத்தில் பிரசங்க மேடையை அடைத்து, அறுவடைக்குள் வீட்டையும் காலி செய்யச் சொல்லித் தீர்மானம் போடுவார்கள். வீடு ஊருடையது, அதை யாரும் எனக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. நான் குறுக்கே பாய்ந்து, என் ஒரே பிள்ளை உங்க ஜெனரல் வாஷிங்டன் பக்கத்துல மண்ணு வெட்டிட்டு நிக்கிறான், இந்த வீட்டையா சந்தேகப்படுறீங்க, உங்க மகன் கிதியோன் யார்கூட ஒரே கூடாரத்துல படுத்திருக்கான் என்று கேட்டுவிட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, அதனாலதாம்மா நானே வந்தேன், வேற ஆளை அனுப்பலை என்றார். பிறகு ஒரு வழி சொன்னார், ஐயா, ஜெபத்தை ஒரு தாள்ல எழுதி வச்சுப் பாத்துப் படிச்சிடுங்களேன், யாரு கேக்கப் போறா என்று.

அவ்வளவுதான், அதுவரை தலை குனிந்து நின்ற மனுஷனுக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. காகிதத்தைப் பாத்துப் படிக்கிறது ஜெபமா? இங்கிலாந்துல பிஷப்புமாரு கோவில்ல அப்படித்தான் படிக்கிறாங்க, அது வேண்டாம்னுதானே நம்ம முன்னோருங்க கடலைத் தாண்டி வந்தாங்க, ஆவியானவர் வாயில குடுக்கிறதைத்தான் பேசுவேன், மேடை போனா போகட்டும் என்று கத்திவிட்டார். வந்தவர்கள் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஆவியானவர் கொடுப்பதாம்! முப்பது வருடமாக அவர் கொடுப்பது ஒரே ஜெபம்தான், எந்த இடத்தில் இருமுவார், எந்த இடத்தில் கையை மாற்றுவார் என்பதுவரை எனக்கு மனப்பாடம். அதைச் சொன்னேன், இரண்டு வேளை என்னோடு பேசவில்லை.

பிறகு அவரே வந்து, ஜெருஷா, கொஞ்சம் கேளேன் என்று பக்கத்தில் உட்கார்ந்தார். நான் அவரைப் பீன்ஸ் உரிக்க உட்கார வைத்து, ராஜா இல்லாமல் ஜெபிக்கப் பழக்கினேன், மாட்டைக் கறக்கும்போது பழக்கினேன், வேலி கட்டும்போது பழக்கினேன். மழை வரும், விளைச்சல் வரும், நோயாளிகள் வருவார்கள், அவர்கள் பின்னாலேயே தவறாமல் ராஜா வந்துவிடுவார். நான் நிறுத்துங்க என்று கத்துவேன், அவர் கண்ணைத் திறந்து வந்துட்டாரா என்று கேட்பார். சிரிக்கவும் முடியவில்லை அழவும் முடியவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் ஒருமுறைகூடத் தப்பவில்லை. கடைசியில், சபையில் ராஜா வருகிற சமயத்தில் நான் என் சங்கீதப் புத்தகத்தைக் கீழே போடுவதாகவும், சத்தம் கேட்டதும் அவர் வாயை மூடிக்கொள்வதாகவும் பேசி வைத்துக்கொண்டோம். ஒருபக்கம் துணிகளை மூட்டை கட்டலாமா என்றுகூட யோசித்தேன், உன் தொட்டிலை யாருக்குக் கொடுப்பது என்று யோசித்தேன், பைத்தியம்தான்.

நேற்று கூடம் நிரம்பி வழிந்தது, பக்கத்து ஊர்க்காரர்கள் வேடிக்கை பார்ப்பதற்கென்றே குதிரை பூட்டி வந்திருந்தார்கள். அறிக்கையை இந்தமுறை அப்பா நன்றாக வாசிக்கவில்லை, அவசரமாக ஓட்டினார், குரலே இல்லை. கண்ணை மூடினார். மழை வந்தது, விளைச்சல் வந்தது, நோயாளிகள் வந்தார்கள். நான் புத்தகத்தைக் கீழே போடத் தோதாகப் பிடித்துக்கொண்டேன். எங்கள் என்றார், நின்றுவிட்டார். நான் புத்தகத்தைப் போடவில்லை, போட மறந்துபோனேன். எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது, முன்வரிசையில் யாரோ செருமினார்கள். பிறகு கண்ணைத் திறந்து, ஜெபத்தின் நடுவில் அவர் கண் திறந்து நான் பார்த்ததே இல்லை, நிமிர்ந்து மாடியைப் பார்த்தார், நீங்களெல்லாம் உட்காருகிற வரிசை காலியாகக் கிடந்தது. எங்கள் கிதியோன் ராய்ஸின் நாட்களைப் பெருகப்பண்ணும், அவனுடைய சத்துருக்களின் கைக்கு அவனை விலக்கிக் காத்தருளும் என்றார். அடுத்து சீலாஸ் என்றார், அடுத்து அந்தக் கொல்லன் மகன் யாபேஸ், நம் ஊரிலிருந்து போன ஒவ்வொரு பிள்ளை பெயரும் வந்தது, பெயருக்குப் பெயர் அதே வார்த்தை, ஒரு எழுத்து மாறவில்லை. ராஜா இருந்த இடத்தில் நீங்கள் வந்து உட்கார்ந்தீர்கள். பெயர் வர வர அந்தந்த அம்மாக்கள் விசும்புகிறார்கள், நான் என் முறைக்குக் காத்துக்கொண்டிருக்கிறேன். எல்லாப் பெயரையும் சொல்லிவிட்டு ஆமெனுக்கு மூச்சு இழுத்தார், உன் பெயரைச் சொல்லவில்லை ஆசகேல். அப்போது மேடைக்குக் கீழே டீக்கன் இருக்கையிலிருந்து ராய்ஸ் எழுந்தார். போதகர் ஜெபிக்கும்போது குறுக்கே வாய் திறந்தவன் நம் ஊரில் கிடையாது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, ஆண்டவரே, இவங்க மகன் ஆசகேலையும் சேத்துக்குங்க என்றார். கூடம் முழுக்க ஆமென் சொன்னது.

சாயங்காலம் ராய்ஸ் மனைவி ஒரு பாலாடைக்கட்டியோடு வந்து, செவ்வாய்க்கிழமை கூட்டத்துல பன்னிங்களைத் தெருவுல விடுறதைப் பத்தி மட்டும்தான் பேசுறாங்களாம், வேற ஒண்ணும் இல்லையாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். வீடு தப்பியது. எனக்கு அந்த நிம்மதிகூட நிலைக்கவில்லை, எப்படி நீங்க பெத்த பிள்ளை பேரை விட்டீங்க என்று அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். மெழுகுவத்தியின் திரியைக் கத்தரித்தார். பிறகு சொன்னார், மத்தப் பிள்ளைங்களை எல்லாம் ஆண்டவர் கையில குடுத்துட்டேன் ஜெருஷா, இவன்கிட்ட வந்தப்ப எனக்குக் குடுக்க மனசு வரலை.

கிதியோனிடம் அவன் அப்பா நேற்று என்ன செய்தார் என்று சொல், பெருமைப்படட்டும். இரண்டு வரியாவது உடனே எழுது, கப்பல்களைப் பற்றி எழுதாதே, சாப்பிட்டேன், தூங்கினேன் என்று எழுது. ராஜாவுக்கென்று இத்தனை வருடம் கேட்ட ஆயுசும் காவலும் இனி உனக்கு வந்து சேரட்டும், கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், முழுசாக வீடு வந்து சேர்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும் அம்மா,
ஜெருஷா ஃபிஸ்க்

அப்பாவும் ஒரு வரி எழுதுகிறேன் என்று பேனாவை வாங்கினார். இதற்குக் கீழே இருப்பது அவர் கையெழுத்து. உன் பெயரை மட்டும் எழுதிவிட்டு, இன்னும் மை இருக்கும்போதே பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆசகேல்