சிக்கன் என்ற சொல் புழங்கும் விதம்

பல்லடம்
6.7.2025

அக்ஷயா,

உன் கடிதம் கிடைத்தது. போனில் பேசினால் நான் ஒரே வரியில் முடித்துவிடுகிறேன், எழுதினால்தான் பதில் என்று சொல்லிவிட்டாய். அதனால் எழுதுகிறேன். நீ உன் அம்மா வீட்டுக்குப் போய் ஏழு மாதம் ஆகிறது. மாமாவும் அத்தையும் சௌக்கியம்தானே? இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி. வேறு விசேஷம் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உன் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கு ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்து, அது ஊருக்குள் எப்படிப் புழங்குகிறது என்று நோட்டில் எழுதுகிறார்கள், 'சிக்கன்' பற்றிக் கோழிப்பண்ணைக்காரர்களைக் கேட்க வேண்டும் என்றாய். நான் கோழி வளர்ப்பவன் இல்லை. ஷெட்டுகளில் மின்விசிறியும் கண்ட்ரோலரும் மாட்டுகிறவன். ஆனாலும் தெரியும், எழுதிக்கொள்.

ஷெட்டுக்குள் யாரும் சிக்கன் என்று சொல்ல மாட்டார்கள். லாரியில் குஞ்சாக வந்து இறங்கும் நாளில் அது 'சிக்ஸ்'. இரண்டு வாரம் போனால் 'பேர்டு'. "எத்தனை பேர்டு இருக்குதுங்க?" என்றுதான் சூப்பர்வைசர் கேட்பார். நாற்பதாம் நாள் வண்டி ஏறும்போது அந்தப் பெயரும் போய்விடும், வெறும் கிலோதான். கடையில் தொங்கும்போதுதான் சிக்கன். வெள்ளைக்காரன் உயிரோடு இருப்பதையும் அப்படித்தான் சொல்கிறான், பயந்து பின்வாங்குகிறவனையும் அப்படித்தான் சொல்கிறான். நம் ஊரில் செத்த பிறகுதான் அந்தப் பெயர். ஷெட்டிலேயே செத்துப்போனால் 'மோர்டாலிட்டி'. காலையில் முதல் வேலையாகப் பொறுக்கி வெளியே போட்டுவிட்டு அட்டையில் எண்ணை எழுதுவார்கள். அவ்வளவுதான்.

எப்போது வருகிறாய்? அதற்கு ஒரு வரி எழுது.

கிருபாசங்கர்


உடுமலைப்பேட்டை
14.7.2025

ஏனுங்க,

நீங்கள் எழுதியதை வகுப்பில் வாசித்தேன். பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டது. "கோழி ஊட்டுல மேயறதுங்க மிஸ், சிக்கன் தட்டுல இருக்கறது" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். ஹர்ஷிணி என்ற பிள்ளை மட்டும் கேட்டாள்: "பொறக்கும்போதே செத்துப்போச்சுன்னா அதுக்கு என்ன பேருங்க மிஸ்? சிக்ஸா, மோர்டாலிட்டியா?"

"அடுத்த வாரம் சொல்றேன் கண்ணு" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

நவம்பரில் நம் பெண்ணுக்கு ஆஸ்பத்திரிச் சீட்டில் 'பெண் சிசு, எட்டாம் மாதம்' என்றுதான் எழுதியிருந்தது. எனக்கு மயக்கம் தெளிவதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டீர்கள். "அவ பாக்க வேண்டாங்க" என்று டாக்டரிடம் நீங்கள்தான் சொன்னீர்களாம், நர்ஸ் சொன்னார். நான்காம் நாள் வீட்டுக்கு வந்தால் தொட்டில் இல்லை, தைத்து வைத்த துணி இல்லை, அறைக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது. பால் கட்டி வலியில் நின்றவளிடம், "பதினஞ்சு நாள் போகட்டும் அம்மணி, எல்லாஞ் செரியாயிரும்" என்றீர்கள். ஒரு பேட்ச் கோழி போன பிறகு ஷெட்டைக் கழுவிச் சும்மா போட்டு வைப்பதும் பதினைந்து நாள்தான் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

ஏழு மாதமாகக் கேட்கிறேன். அவள் எப்படி இருந்தாள்? எங்கே வைத்தீர்கள்? வருவதைப் பற்றி அப்புறம் பேசலாம்.

அக்ஷயா


பல்லடம்
21.7.2025

அக்ஷயா,

உன் கடிதத்தை நான்கு நாள் பையிலேயே வைத்திருந்தேன். முதலில் கோபம்தான் வந்தது. எனக்குத் தெரிந்த வேலை அதுதான். செத்தது கிடந்த இடத்தைக் காலி பண்ணு, கழுவு, சுண்ணாம்பு அடி, காயவிடு. இல்லாவிட்டால் நோய் அங்கேயே தங்கிவிடும். உன் மேல் எதுவும் தங்கக் கூடாது என்று நினைத்தேன். வீடும் ஷெட்டும் ஒன்றில்லை என்று யாராவது சொல்லியிருந்தாலும் அன்றைக்குக் கேட்டிருக்க மாட்டேன். தப்புத்தான்.

அவள் ஒன்றே முக்கால் கிலோ இருந்தாள். தலை நிறைய முடி. ஈரமாக நெற்றியில் ஒட்டியிருந்தது, உன்னுடையது மாதிரி சுருள். மூக்கு என்னுடையது. கண் மூடியிருந்தது. வலது கையை மடக்கி, கட்டைவிரலை உள்ளே வைத்திருந்தாள். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து காரில் என் மடியில்தான் வந்தாள். அப்பா ஓட்டினார். சூலூர் தாண்டும்போது ஏ.சி.யை அணைக்கச் சொன்னேன். குளிரும் என்று தோன்றியது. அப்பா திரும்பிப் பார்த்துவிட்டு அணைத்தார்.

நம் தோட்டத்தில்தான் இருக்கிறாள். சொட்டுநீர்க் குழாயின் முதல் வால்விலிருந்து தெற்கே பதினோரு அடி. டேப் வைத்து அளந்தேன். அங்கே உழவு ஓட்ட விடவில்லை.

உன்னிடம் சொன்னால் நீ அழுவாய். நீ அழுதால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. பயந்துபோய்த்தான் சொல்லவில்லை.

நீ சரி என்றால் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே வந்து அழைத்துக்கொள்கிறேன்.

கிருபாசங்கர்


உடுமலைப்பேட்டை
31.7.2025

ஏனுங்க,

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு, நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து வந்தேன். அத்தை "வா அம்மணி" என்றதோடு சரி. என்னிடம் டேப் இல்லை. வால்விலிருந்து பாதம் வைத்து அளந்தேன். என் பாதம் சின்னது, கணக்குச் சரியாக வந்ததா தெரியவில்லை. புல் முளைத்திருந்த இடத்தில் வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தேன்.

ஹர்ஷிணியிடம், "அதுவும் சிக்ஸ்தான் கண்ணு" என்று சொல்லிவிட்டேன். நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஏ.சி.யை அணைக்கச் சொன்ன வரியைப் படித்ததும் உங்கள் மேல் இருந்த கோபம் போய்விட்டது. ஆனால் நான் திரும்பி வரவில்லைங்க. அவளை மடியில் வைத்திருந்த ஒரே ஆள் நீங்கள். அதை உங்களிடமிருந்து வாங்க எனக்கு ஏழு மாதமும் ஒரு பள்ளிக்கூட நோட்டும் தேவைப்பட்டது. இனி ஒவ்வொன்றையும் இப்படித் தோண்டி எடுத்துக்கொண்டு குடும்பம் நடத்த எனக்குத் தெம்பு இல்லை. மாமாவிடமும் அத்தையிடமும் நானே பேசிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம்.

அவளைப் பற்றி வேறு ஏதாவது ஞாபகம் வந்தால் எழுதுங்கள். அதை மட்டும் எழுதுங்கள்.

அக்ஷயா


பல்லடம்
9.8.2025

அக்ஷயா,

நீ கேட்டதை மட்டும் எழுதுகிறேன்.

இடது காதின் மேல்பக்கம் மடிந்திருந்தது. காரில் வரும்போது விரலால் நீவி நேராக்கினேன். விரலை எடுத்ததும் மறுபடி மடிந்துகொண்டது. பல்லடம் வந்து சேரும்வரை அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

கிருபாசங்கர்