டாக்டர் வீட்டுப் பிரேக் கட்டை

பிரேசர் டவுன், பெங்களூர்
12-8-1938

அன்புள்ள பெர்னதெத்துக்கு ரெமிஜியஸ் எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் சுகமாயிருக்கிறேன். உன் இருமல் நின்றதா?

நாளை ஊருக்கு வரும் டாக்டர் வீட்டுத் தோட்டக்காரன் தியோடர், நான் குடித்துவிட்டு டாக்டர் காரை ஓட்டி மதிலில் மோதினேன் என்பான். நம்பாதே. பின்சக்கரப் பிரேக் கட்டைகள் தேய்ந்துவிட்டன என்று டாக்டரிடம் மூன்று முறை சொன்னேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஞாயிறன்று மாதா கோயில் இறக்கத்தில் கார் நிற்கவில்லை. மதிலில் உரசித்தான் நிறுத்தினேன். யாருக்கும் அடியில்லை, என் முழங்கையில் சிராய்ப்பு மட்டும். அந்த மனுஷர் இறங்கி, பூசைக்கு வந்த ஜனங்கள் முன்னால், "குடிச்சிட்டு ஓட்டுறியாடா?" என்று கத்தினார். நான் சாராயத்தைத் தொட்டு இரண்டு வருஷமாகிறது!

மறுநாள் வீட்டு ஷெட்டிலேயே பின்சக்கரங்களைக் கழற்றிப் புதுக் கட்டைகளை மாட்டினேன். பழைய கட்டையை அவர் காப்பி குடிக்கும் மேசையில், வெள்ளை விரிப்பின் மேலேயே வைத்தேன்.

"நான் குடிக்கலீங்க. இதுதான் தேஞ்சு போச்சு. எல்லார் முன்னாலயும் பழி போட்டீங்க, எல்லார் முன்னாலயும் இல்லன்னு சொல்லுங்க."

"சரி, போய் வண்டிய எடு."

"சொல்ற வரைக்கும் எடுக்க மாட்டேன்" என்று சாவியை வைத்துவிட்டு வந்தேன். நான்கு நாளாக ஜட்கா வண்டியில் போகிறார். இன்று அவரே சாவியை நீட்டினார். வாங்கவில்லை. ஞாயிறன்று கோயில் வாசலில் சொல்லட்டும்.

எலுமிச்சை ஊறுகாய் அனுப்பு. நம் பையன் பவுலின் பாதத்தைக் காகிதத்தில் வைத்து வரைந்தனுப்பு, செருப்பு வாங்க வேண்டும். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. வேலை போனால் போகட்டும். நீ நம்புகிறாய் என்று ஒரு வரி உடனே எழுது.

ரெமிஜியஸ்