தெல்ஃபினின் தடத்தில் என் கண்ணிகள்

நவம்பர் 6

என் கணவர் தெல்ஃபின் இறந்துபோய் ஏழு மாதம். ஒரு குளிர்காலம் முழுக்க ஆளில்லாமல் கிடக்கும் வேட்டைத் தடம் வேறு கைக்குப் போகும் என்று மாதா கோவில் கூடத்தில் வேட்டைச் சங்கத்தார் சொன்னார்கள். முப்பது வருடம் அவர் கண்ணி வைத்து நடந்த தடம், கிழவர் ஒனெசிமின் மகனுக்காம்!

"நான் வைக்கிறேன் கண்ணி," என்று எழுந்தேன். எழுபது வயதில். கூடமே சிரித்தது.

"யூலாலி, முயலுக்கு ஜெபம் சொல்லிக் குடுக்கப் போறியா?" என்றார் ஒனெசிம்.

மார்ச் கூட்டத்தில், நானே பிடித்த ஒரு நரித்தோலைக் காட்ட வேண்டும். காட்டினால் தடம் எனக்கு. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க, மடத்துப் பள்ளியில் கன்னியாஸ்திரீகள் எவ்வளவோ சொன்னார்கள். அந்த ஒரு பாடம்தான் ஏறவில்லை.

நவம்பர் 9

நாத்தனார் எர்னஸ்டினிடம் போய், கண்ணி வைக்கக் கற்றுத்தரும்படி கேட்டேன். கேட்கும் முன் அவள் வாசலைத் தாண்டி மூன்று முறை நடந்தேன்.

"நாப்பது வருஷமா என் வீட்டுக் கோப்பைய மோந்து பார்த்துட்டுத்தான் டீ குடிப்பீங்க. இப்ப முயல் குடலை உருவப் போறீங்களா அண்ணி?"

ஆனால் பித்தளைக் கம்பிச் சுருளை எடுத்துக்கொண்டுதான் பேசினாள். முதலில் முயல், பிறகுதான் நரியாம். சுருக்கு நாலு விரல் அகலம், பனியிலிருந்து நாலு விரல் உயரம். முயல் தினமும் ஒரே பாதையில்தான் ஓடுமாம். ஒழுங்கான பிராணி. பிடித்திருந்தது.

நவம்பர் 21

இருபது கண்ணி. ஒரு வாரம். ஒரு ரோமம்கூட இல்லை.

நவம்பர் 23

எர்னஸ்டின் வந்து பார்த்தாள். கம்பி பளபளத்தது, வாசனைச் சோப்பால் கழுவித் துணியால் தேய்த்திருந்தேன். பாதையில் நீட்டிக்கொண்டிருந்த குச்சிகளையும் ஒடித்துப் பெருக்கியிருந்தேன். அழுக்காகவா வைப்பது?

"அண்ணி, பலிபீடம் மாதிரி இருக்கு. முயல் மண்டி போட்டுட்டுத் திரும்பிப் போயிருக்கும்."

வாசனையும் பளபளப்பும் போக, மரப்பட்டையோடு சேர்த்துக் கம்பியைக் கறுக்கக் கறுக்க வேகவைத்தோம். என் சூப்புப் பானையில். அந்தப் பானை இனி தேறாது.

டிசம்பர் 2

முயல்! வெள்ளை முயல்!

முதலில் பிடித்ததைப் பிடித்தவர் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது இந்த ஏரிக்கரை வழக்கம். முதல் முயல் கற்றுக்கொடுத்தவருக்கு. முதல் நரித்தோல் ஊரின் மூத்த வேட்டைக்காரருக்கு. எர்னஸ்டின் முயலைக் குழம்பு வைத்து எனக்கே பாதி அனுப்பினாள். கோப்பையை மோந்து பார்க்காமல் குடித்தேன்.

ஜனவரி 15

நரிக்குப் பல இழை முறுக்கிய எஃகுக் கம்பி, சாண் அகலச் சுருக்கு. என் வாடை அதற்குப் பிடிக்கவில்லை. கையுறையைக் கொல்லையில் தொங்கவிட்டு ஒரு வாரமாகிறது. சோப்பை நிறுத்திவிட்டேன். மடத்துத் தாயார் அவர்கள் மன்னிக்கட்டும்.

பிப்ரவரி 18

செந்நரி. உறைந்து கிடந்தது. உரிக்க ஒரு மதியம் முழுக்க ஆனது, காதருகே கிழித்துவிட்டேன். தோலைப் பலகையில் விரித்தபோதுதான் உறைத்தது. மூத்த வேட்டைக்காரர் ஒனெசிம்தானே! கொடுக்கணுமா? அந்த மனுஷனுக்கா? கூட்டத்தில் எதைக் காட்டுவேன்? யாருக்குத் தெரியப்போகுது, முதல் நரிய ஓநாய் தின்னுடுச்சு, இது ரெண்டாவதுன்னு சொன்னா—

எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 19

கொடுத்தேன். புரட்டிப் பார்த்தார்.

"உரிச்சியா, கிழிச்சியா?"

அவ்வளவுதான்.

மார்ச் 9

நாளை கூட்டம். இரண்டாவது நரி இல்லை.

மார்ச் 10

"தோல் எங்கம்மா?" என்றார் செயலாளர்.

"கொடுத்துட்டேன்."

ஒனெசிமின் மகன் சிரிப்பை அடக்க உத்தரத்தைப் பார்த்தான். கிழவர் எழுந்தார். புதுச் செந்நிற ரோமத் தொப்பியைக் கழற்றி மேசையில் போட்டார்.

"இந்தா இருக்கு. காதுகிட்ட ரெண்டு விரல் கிழிசல், பாருங்க. இந்த லட்சணத்துல உரிக்க ஊர்ல வேற யாரால முடியும்?"

"அப்பா!"

"நீ பேசாத. உன் மொத நரிய எனக்கா குடுத்த? கடையில வித்த. இவ குடுத்தா. தடம் போயிடும்னு தெரிஞ்சே குடுத்தா."

செயலாளர் தட உரிமைப் பதிவேட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். என் பெயருக்கு எதிரே, தொழில் என்ற இடத்தில், 'விதவை' என்று யாரோ முன்பே எழுதிவைத்திருந்தார்கள். அடித்துவிட்டு, 'கண்ணி வைப்பவர்' என்று எழுதினேன். அடித்த கோடு கோணலாகப் போனது. அப்படியே விட்டுவிட்டேன்.