தையலுக்கு இடம் விட்டு வெட்டிய படகு

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். முழங்கால் தன் இஷ்டத்துக்கு இருக்கிறதே தவிர மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் மருமகளும் சௌக்கியம்தானே, குட்டிக்கு இருமல் விட்டதா? போனில் நீ என்னைப் பேசவே விடுவதில்லை, அதனால்தான் எழுதுகிறேன். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு உன்னோடு வந்துவிடச் சொன்னாய், தனியாக உட்கார்ந்து என்ன செய்யப்போகிறாய் என்றும் கேட்டாய். என்ன செய்தேன் என்று கேள்.

மேல்வீட்டில் லிஃப்ட் பழுதுபார்க்கும் பெண் ஒருத்தி குடிவந்திருக்கிறாள் என்று சொன்னேனே, உன்னைவிடச் சின்னவள். ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காக் குளத்தில் ரிமோட்டில் ஓடும் படகு விடுவாள். தையல் கடையை மூடியதிலிருந்து என் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, எனக்கும் ஒன்று செய்யக் கற்றுக்கொடு என்று கேட்டுவிட்டேன். மெல்லிய ஒட்டுப்பலகையை அளவாக வெட்டி, ஓரத்தில் துளை போட்டு, செம்புக் கம்பியால் தைத்து, மேலே பசை பூச வேண்டும் என்றாள். தைப்பது என்று காதில் விழுந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவள் வேலைக்குப் போன நேரத்தில் எல்லாத் துண்டையும் வெட்டி வைத்துவிட்டேன். பழக்கம் விடுமா, ஒவ்வொன்றிலும் தையலுக்கென்று விரற்கடை கூடுதலாக விட்டிருக்கிறேன். சேர்த்துப் பார்த்தால் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. பலகைய உள்ள மடிச்சுத் தைக்க முடியாதும்மா என்று சொல்லிச் சிரித்துச் சிரித்து அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கூடுதலை நானே அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். மோட்டாருக்கும் சுக்கானுக்கும் ஒயர் பற்றவைக்கும்போது மட்டும் அவள் பக்கத்தில் நின்றாள்.

போன ஞாயிறு தண்ணீரில் விட்டோம், ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. போகும்போது சொன்ன பேச்சு கேட்டது, என்னைப் பார்த்துத் திரும்பி வரும்போதுதான் வினை. ரிமோட் குச்சியை வலது பக்கம் தள்ளினால் படகு என் இடது பக்கமாகப் போய்க் கரையில் முட்டியது. ரிமோட் கெட்டது என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். ரிமோட் நல்லாத்தான் இருக்கு, நீங்க கரையில நின்னு திருப்புறீங்க, படகுக்குள்ள உக்காந்திருக்கிறதா நினைச்சுத் திருப்புங்க என்றாள். அப்படியே செய்தேன். வாத்துகளைச் சுற்றிக்கொண்டு என் காலடிக்கே வந்து நின்றது. சந்தோஷத்தில் அழுதுவிட்டேன், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

நீ அக்கறையில்தான் கூப்பிடுகிறாய், தெரியும். ஆனால் நீயும் உன் கரையில் நின்றுதான் என்னைத் திருப்புகிறாய். நீங்கள் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் கிளம்பிப் போன பிறகு உன் மாடி வீட்டில் சாயங்காலம் வரை நான் யாரோடு சண்டை போடுவேன், கொஞ்சம் உட்கார்ந்து யோசித்துப் பார். உங்களைப் பார்க்காமல் இருப்பது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. லீவு விட்டதும் குட்டியைக் கூட்டிக்கொண்டு வா.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருங்கள். வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. நீ அனுப்பிய வீட்டுத் தரகர் நேற்று வந்தார். வீடு காலியில்லை, நான் குடியிருக்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா