ஈ7-318: ஆஜர்

பிப்ரவரி 3, 1970

மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது. இனி இந்த வடகோடிப் பனிக்கரையில் இருக்கும் எங்களுக்கு எண் கிடையாதாம். எல்லோரும் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டுமாம். மனிதர்களை எண்ணால் அழைப்பது மாண்புக்கு இழுக்கு என்று இரண்டாம் பத்தியில் இருக்கிறது. இருபத்தைந்து வருஷமாகக் கழுத்தில் எண் பொறித்த வட்டத் தகடு மாட்டிவிட்டு, தொலைத்தால் திட்டியும் வந்தவர்களுக்கு இழுக்கு இப்போதுதான் கண்ணில் பட்டிருக்கிறது. பதில் எழுதும்போது சுற்றறிக்கையின் எண்ணைத் தவறாமல் குறிப்பிட வேண்டும் என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறார்கள்.

அதை எங்கள் மொழியில் எழுதிக் கடைச் சுவரில் ஒட்டுவது என் வேலை. எட்டு வருஷமாக அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர் நான். நிர்வாகியின் பெயர் காகிதத்தில் ஹார்ட்லி, ஊரில் நீள்கழுத்தர். விமானத்தை விட்டு இறங்கிக் கடை வரைக்கும் நடப்பதற்குள் அந்தப் பெயர் விழுந்துவிட்டது. அதற்கு நாங்கள் சுற்றறிக்கை எதுவும் போடவில்லை.

பிப்ரவரி 5

தூக்கம் வரவில்லை. ஏப்ரல் கடைசியில் பிரசவம். வயிற்றில் இருப்பது உதைக்கும்போதெல்லாம் அதே கேள்வி. உனக்கு என்ன பெயர் வைப்பது?

இறந்தவரின் பெயரை அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு வைப்போம். பெயரோடு அவரும் திரும்பி வந்துவிடுவார். அம்மாவைப் பெற்ற தாத்தாவின் பெயர் எனக்கு. அதனால் அம்மாவுக்கு நான் மகள் இல்லை, "அப்பா". அடிப்பதற்குக் கை ஓங்கும்போதுகூட "அப்பா, வேண்டாம்" என்றுதான் கெஞ்சுவாள்.

அம்மா குபானுக். எண் ஈ7-318. ஐம்பத்தேழாம் வருஷம் ஜூலையில் ஆஸ்பத்திரிக் கப்பல் வந்தது. ஊரையே மேலே ஏற்றி, காசநோய் இருக்கிறதா என்று நெஞ்சைப் படம் பிடித்தார்கள். அம்மாவின் புறங்கையில் மையால் எதையோ எழுதினார்கள். அவ்வளவுதான், கரைக்கு இறங்க விடவில்லை. மாற்றுத்துணி எடுக்கக்கூட விடவில்லை. எனக்குப் பதினைந்து வயது. கரையில் நின்றேன். கப்பல் விளிம்பிலிருந்து கத்தினாள்: "அப்பா, உள்ள போங்க, குளிருது!"

தெற்கே ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு வருஷம் கடிதம் வந்தது. பிறகு நின்றுவிட்டது. இருக்கிறாளா, இல்லையா? பதிமூன்று வருஷத்தில் நான்கு முறை எழுதிக் கேட்டேன். கோப்பு தேடப்படுகிறது என்று நான்கு பதில். உயிரோடு இருப்பவளின் பெயரை எடுத்துப் பிள்ளைக்கு வைத்தால், அவளை நானே புதைத்தது போல் ஆகாதா? இறந்திருந்து வைக்காமல் விட்டால், அவள் இருட்டில் நின்றுகொண்டே இருப்பாள். எனக்கு ஒரு வார்த்தை தெரிந்தால் போதும்.

பிப்ரவரி 11

பெரியம்மா உவிலுக் காலையிலேயே வந்துவிட்டாள். அம்மாவின் அக்கா. வந்தால் தேநீர் குடித்து முடிக்கும்வரை பேசமாட்டாள், முடித்த பிறகு நிறுத்தமாட்டாள்.

"அப்பா, நேத்து உங்க பொண்ணு கனவுல வந்தா. தண்ணி குடுங்கறா."

"யாரு?"

"குபானுக்தான். வேற யாரு வந்து என்கிட்ட உரிமையா தண்ணி கேப்பா?"

இறந்தவர் கனவில் தண்ணீர் கேட்டால் பெயருக்கு அலைகிறார் என்று பொருள். எனக்கும் தெரியும். ஆனாலும் அலுவலகத்தில் எட்டு வருஷம் உட்கார்ந்தவளுக்குக் கனவு போதவில்லை, காகிதம் வேண்டியிருக்கிறது. அதைச் சொன்னேன்.

"காகிதமா? எனக்கு அவ வந்து சொன்னா. உனக்கு முத்திரை குத்திட்டு வரணுமா?" என்றாள். அப்பா என்ற மரியாதை அந்த வாக்கியத்தில் காணாமல் போயிருந்தது.

பிப்ரவரி 20

பெயர்ப் பதிவு தொடங்கியது. வேட்டைக்கார அமருக்தான் முதல் ஆள், குடும்பத்தோடு. நான் நடுவில்.

"குடும்பப் பெயர் என்ன வைக்கப்போகிறார், கேள்" என்றார் நீள்கழுத்தர்.

"எனக்கு ஏற்கெனவே ஆறு பேரு இருக்கு. ஏழாவது எதுக்கு?" என்றார் அமருக். பிறகு போனால் போகிறது என்று அவருடைய அப்பா பெயரைச் சொன்னார்.

"சரி. இந்தப் பையன் யார்?"

"என் மாமியார்."

நான் அப்படியே மொழிபெயர்த்தேன். அதற்குத்தான் சம்பளம். நீள்கழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார்.

"வயது?"

"நாலு முடிஞ்சுது. ஆனா வாய் மட்டும் பழைய மாமியார் வாய்தான். நேத்துகூட என் வேட்டையைக் குறை சொன்னாங்க."

மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த மாமியார் மேசைமேல் ஏறி முத்திரைக் கட்டையை எடுத்துவிட்டார். அமருக் அதட்டவில்லை. மாமியாரை யார் அதட்டுவார்கள்? பக்கத்தில் நின்ற பெண் குழந்தையைக் காட்டி "இவள்?" என்றபோது அமருக்கின் மனைவி "என் அண்ணன்" என்றாள். அதற்குப் பிறகு நீள்கழுத்தர் கேள்வி கேட்பதைக் குறைத்துக்கொண்டார்.

மாலையில் பாவ்லுசியிடம் சொன்னேன். என் கணவனுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. அவன் தன் அப்பா பெயரையே கொடுத்திருக்கிறான். இன்று முதல் நான் மியாலியா நட்சிக். யாரோ வேற்றூர்க்காரி மாதிரி இருக்கிறது.

பிப்ரவரி 21

இன்று பட்டியலைத் தட்டச்சு செய்தேன். தலைநகரிலிருந்து வந்த எண் வரிசை. 316, 317 — 318. குபானுக். பெண். வசிப்பிடம்: இந்த ஊர். நிலை: உயிருடன்.

பட்டியலை எடுத்துக்கொண்டு நீள்கழுத்தரிடம் ஓடினேன். "உங்கள் அம்மா எங்கே?" என்று கேட்டார்.

"உங்க ஆளுங்கதான் கூட்டிட்டுப் போனாங்க. நானும் அதைத்தான் கேக்கறேன்."

முகம் சிவந்துபோனார். கெட்ட மனிதர் இல்லை. யாரும் வெட்டாவிட்டால் பெயர் பட்டியலில் அப்படியே நிற்கும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றார். அவர் கையெழுத்திலேயே ஐந்தாம் கடிதம் போனது. ஈ7-318 எங்கே?

அம்மாவுக்கும் குடும்பப் பெயர் கட்டாயமாம். குடும்பத் தலைவர் பெயர்தான் விதி. கடல்மேல் பனி உடைந்து செத்துப்போன என் அப்பா துக்லிக்தான் தலைவர். குபானுக் துக்லிக் என்று அடித்தேன். ஊரில் வேறு துக்லிக் கிடையாது. அம்மா ஒரு குடும்பம், நான் வேறொரு குடும்பம்.

மார்ச் 9

பதில் இல்லை. பெரியம்மாவின் கனவில் மறுபடியும் தண்ணீர்.

ஏப்ரல் 2

பதில் வந்தது. "எண் முறை ஒழிக்கப்பட்டுவிட்டதால், எண்ணைக் குறிப்பிட்டு வரும் விண்ணப்பங்களைப் பரிசீலிக்க இயலாது. குடும்பப் பெயருடன் மீண்டும் விண்ணப்பிக்கவும்."

குடும்பப் பெயருடன் விண்ணப்பித்தேன். ஆறாவது.

ஊரில் தகடுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். பாதிப் பேர் கொடுக்கவில்லை. பெரியம்மா தன்னுடையதைக் கோட்டுக்குப் பொத்தானாகத் தைத்துவிட்டாள். "இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் அது ஒரு வேலை செய்யுது" என்கிறாள்.

ஏப்ரல் 30

பெண். நேற்று விடியலில். இருவரும் நலம். பெரியம்மா கத்தரித்த தொப்புள்கொடியை நர்ஸ் மறுபடியும் கத்தரித்தாள். கணக்குக்கு.

பெயர் வைக்கவில்லை.

மே 4

ஐந்து நாளாக அழுகை. பால் சரியாகக் குடிக்கவில்லை. நர்ஸ் வயிற்று உப்புசம் என்கிறாள். ஊரில் யாரைக் கேட்டாலும் பெயர் கேட்டு அழுகிறது என்கிறார்கள். பாவ்லுசி என் முகத்தைப் பார்க்கிறான். இந்தத் தீப்பெட்டி வீட்டில் ஒரு குழந்தை அழுதால் நான்கு சுவரும் சேர்ந்து அழும்.

இன்று மதியம் முடியவில்லை. என்னால் முடியவில்லை! காதருகே குனிந்து "குபானுக்" என்றேன்.

நிறுத்திவிட்டது. மூச்சை இழுத்து, என்னைப் பார்த்து, பிறகு மார்பைத் தேடியது. பசி அப்போதுதான் வந்திருக்கலாம். இருக்கலாம். பெரியம்மா ஒரு கரண்டி தண்ணீரை எடுத்து வந்து அதன் உதட்டை நனைத்தாள். "வாடி தங்கச்சி. எவ்ளோ நாளா நிக்க வச்சுட்டா பாரு நம்ம அப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். நான் அழுதேன். காகிதம் இல்லாமலே அம்மாவைச் சாகடித்துவிட்டேனா? தெற்கே எங்கோ ஒரு கட்டிலில் இன்று மதியம் அவள் இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளானால்?

மே 9

குழந்தைக்குத் துணி மாற்றப் பாவ்லுசிக்குக் கூச்சம். "மாமியார் என் மடியில மூத்திரம் போயிட்டாங்க. நான் என்ன சொல்றது? பரவால்ல அத்தைன்னு சொன்னேன்" என்கிறான்.

மே 27

ஆறாவதற்குப் பதில். "குபானுக் துக்லிக் என்ற பெயரில் எவரும் எந்த ஆஸ்பத்திரியிலும் எக்காலத்திலும் சேர்க்கப்பட்டதில்லை."

எப்படிச் சேர்த்திருப்பார்கள்? அந்தப் பெயருக்கு மூன்று மாதம்தான் வயது. நான் தட்டச்சு செய்த பெயர் அது. அம்மா அதைக் காதால்கூடக் கேட்டிருக்க மாட்டாள்.

ஜூன் 16

கடைசிப் பதிவு நாள். நாளை மறுநாள் மேலதிகாரி வருகிறார், வருவதற்குள் பட்டியலில் ஒரு வரிகூடத் திறந்திருக்கக் கூடாது. பள்ளிக்கூட அறையில் ஊரே கூடியிருந்தது. நீள்கழுத்தர் விடுபட்டவர்களைப் படித்தார். எங்கள் பெயர்களை அவர் உச்சரிப்பதே தனி வேடிக்கை.

"குபானுக் துக்லிக்."

பின்னால் இருந்து பெரியம்மா குரல்: "இதோ இருக்கா!" பிள்ளையைச் சுமக்க என் கோட்டில் தைத்த முதுகுத் தொப்பியிலிருந்து குழந்தையைத் தூக்கி உயர்த்திக் காட்டினாள். அவளுக்கு இதில் குறும்பு ஒன்றும் இல்லை. கூப்பிட்டார்கள், இருக்கிறாள், அவ்வளவுதான். ஒருவரும் சிரிக்கவில்லை.

நீள்கழுத்தர் என்னைப் பார்த்தார். "யார் இது?"

பொய் சொல்லியிருக்கலாம். உண்மையைச் சொன்னேன். "என் அம்மா."

மாமியாரையும் அண்ணனையும் பதிந்த மனிதர். கடிகாரத்தைப் பார்த்தார், திறந்திருந்த வரியைப் பார்த்தார். என் ஆறு கடிதமும் அவருக்கு நினைவு வந்ததோ என்னவோ. "ஆஜர்" என்று எழுதி மை அட்டையை நகர்த்தினார். அம்மாவின் கட்டை விரல் கடுகளவு. பதிந்ததும் அந்த விரலை வாயில் போட்டுக்கொண்டாள். உதடெல்லாம் நீலம்.

முதல் முறையாக அரசாங்கமும் நாங்களும் ஒரே விஷயத்தை ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

ஆகஸ்ட் 8

கப்பல் வந்தது. சரக்குக் கப்பல்தான். இருந்தாலும் ஒவ்வொரு வருஷமும் கரைக்கு வந்து நிற்கிறேன்.

நீள்கழுத்தர் தொப்பியைக் கையில் பிடித்தபடி கரைக்கே வந்தார். ஒரு கடிதம். எனக்கில்லை. உறையின் மேல்: குபானுக் துக்லிக் அவர்களுக்கு. நேரில் மட்டும் வழங்கவும். என் முதுகில் இருந்தவளின் விரலை மையில் தோய்த்து அவர் புத்தகத்தில் ரேகை வாங்கிக்கொண்டார்.

அங்கேயே ஒரு பீப்பாய்மேல் உட்கார்ந்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"அம்மையீர், பழைய எண்களோடு குடும்பப் பெயர்களை இணைக்கும் பணியில், ஈ7-318 என்ற நோயாளியின் கோப்பு கிடைத்துள்ளது. அவர் 1959 நவம்பர் 11 அன்று காலமானார் என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறோம். ஆஸ்பத்திரி இடுகாட்டில் நான்காம் வரிசையில் அடக்கம் செய்யப்பட்டார். கல்லில் எண் மட்டுமே உள்ளது. துக்லிக் குடும்பத்தில் தற்போது உயிருடன் உள்ள ஒரே உறவினர் என்ற முறையில் தங்களுக்கு இத்தகவல் அனுப்பப்படுகிறது."

இரண்டு முறை படித்தேன். இறந்தவர்களைப் பார்க்கும் பிரிவுக்கு எண் தெரியும். உயிரோடு இருப்பவர்களைப் பார்க்கும் பிரிவுக்குப் பெயர் தெரியும். இரண்டும் ஒரே ஆள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அதனால்தான் அம்மா செத்ததை அம்மாவுக்கே எழுதித் தெரிவித்திருக்கிறார்கள்.

பதினோரு வருஷம். நான் மூன்றாம் கடிதம் எழுதியபோது அவள் மண்ணுக்குள் இருந்தாள். முதல் கடிதம் எழுதியபோதும். தெரிந்த ஒருத்தர்கூட ஒரு வரி எழுதவில்லையே! துணிகூட எடுக்க விடவில்லை, கடைசியில் பெயரைக்கூட கல்லில் வைக்கலையே, பாவிங்களா —

நீள்கழுத்தர் போகவில்லை. "ஆஜர் என்று நான் எழுதியிருக்கக் கூடாது" என்றார் மெதுவாக.

"நீங்க எழுதலேன்னா இதுவும் வந்திருக்காது" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு அலுவலகத்துக்கு நடந்தார்.

உறைக்குள் தகடும் இருந்தது. 318. கயிறு இற்றுப்போயிருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுக்கமாட்டேன். கல்லைத் தேடிப் போக எனக்கு இருக்கும் ஒரே வழி அதுதான், அவர்கள் ஒழித்துவிட்ட அந்த எண்.

நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அம்மா கடிதத்தின் ஓரத்தை எச்சிலாக்கிக்கொண்டிருந்தாள். கடலிலிருந்து காற்று எழும்பியது, அவளுடைய மூக்கு நுனி சிவந்துவிட்டது. முதுகுத் தொப்பியை இழுத்து மூடினேன்.

"அம்மா, உள்ள போலாம் வாங்க. குளிருது."