இடது பக்கத்துப் பின் மூலை

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். மனசு எப்படி இருக்கிறது என்று கேட்காதே, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ பல தடவை போனில் கூப்பிட்டாய், நான் எடுக்கவில்லை. படகுத்துறைக்குப் போய்விட்டேன் என்று சொல்லச் சொன்னேன், உன் அம்மாவோ "உங்கப்பா இங்கதான் இருக்காரு, பேச மூஞ்சி இல்ல" என்று எனக்கும் கேட்கும்படியாகவே சொல்லிவிட்டாள். அவள் சொன்னது நிஜம். உன் குரலைக் கேட்டால் எதையாவது சொல்லிச் சிரித்து மழுப்பிவிடுவேன் என்று எனக்கே பயம், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நல்ல சேதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். படகுக் கொட்டகைக்குப் புதுத் தகரம் போட்டாயிற்று, இனி மழைக்கு வாளி வைக்க வேண்டாம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, என்மேல் கோபம் வந்ததிலிருந்து வீட்டுக்குள் இன்னும் வேகமாக நடக்கிறாள், அதனால்கூட இருக்கலாம். பக்கத்து வீட்டுப் பூனை நம் படகின் மெத்தை இருக்கையில் குட்டி போட்டுவிட்டது, துரத்த மனசு வராமல் பழைய உயிர்காப்புச் சட்டையை விரித்துக் கொட்டகையின் ஓரத்தில் இடம் கொடுத்திருக்கிறேன். குளிருக்குக் கனமான கோட்டு வாங்கினாயா என்று அம்மா கேட்கிறாள். வாங்கவில்லை என்றால் வாங்கிவிட்டேன் என்று பொய் சொல்லாதே, முதலில் வாங்கு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை உன் வருங்கால மாமனாரையும் மாமியாரையும் படகில் ஏற்றினேன் என்று மட்டும் அம்மா உனக்குச் சொல்லியிருப்பாள். அவர்கள் நம் தொழிலைப் பார்க்க வரவில்லை, அலையைப் பார்க்க வந்தார்கள். படகு கிளப்பும் அலையில், பிடித்த கயிற்றை விட்டுவிட்டு வெறும் பலகையில் தன் பெண் நிற்கிறாள் என்றால் எந்த அம்மாதான் நம்புவாள்? நீ கற்றுக்கொடுத்த வித்தை அது. நீ போன பிறகு அவள் விடாமல் வந்து பழகிக்கொண்டிருந்தாள். நான் ஓட்டும்போது கயிற்றை விட்டதும் பொத்தென்று விழுவாள், எழுந்து "பரவால்ல மாமா, என் கால்தான் சரியில்ல" என்பாள். அவள் கால் சரியாகத்தான் இருந்தது, என் அலையில்தான் தள்ளும் சக்தி இல்லை. அதைக்கூட என்மேல் போடாமல் தன்மேல் போட்டுக்கொண்ட பெண் அவள்.

கிளம்பும்போது நீ என்ன சொன்னாய், "அப்பா, இடது பின் பைக்குத் தண்ணி ஏத்தற பம்பு சத்தம் சரியில்ல, மாத்திடுங்க" என்றாய். ஸ்பேனர் என்று நாம் கூப்பிடும் நம் மெக்கானிக்கும் அதையே சொன்னான். நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பம்பு இருமிற்று, படகுக்குப் பாரம் சேர்க்கிற அந்தத் தண்ணீர்ப் பை பாதிகூட நிரம்பாமல் நின்றுவிட்டது. அவள் சறுக்குவது இடது பக்கம், பாரம் அந்தப் பக்கத்துப் பின்மூலையில் அழுந்தி உட்கார்ந்தால்தானே அங்கே அலை சுத்தமாக எழும்பும், இல்லாவிட்டால் நுரைதானே வரும். இது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பம்பு கெட்டிருக்கிறது, இன்னொரு நாள் வாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சம்பந்தி வீட்டார் முன்னால் என் படகு கெட்டிருக்கிறது என்று சொல்ல எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

உன் அம்மாவும் கூட வந்தாள், எல்லோரும் ஏறிக் கிளம்பினோம். சம்பந்தியம்மா முன் பக்கம் வலது ஓரத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், இன்னொரு கையில் பெண்ணைப் படம் எடுக்கப் போனைத் தயாராக வைத்திருந்தார். அலை வரவில்லை. வேகத்தைக் கூட்டினேன், நீளமாகப் போய்த் தட்டையாகப் படுத்துவிட்டது. குறைத்தேன், எழும்பிய கையோடு பலகைக்குப் பக்கத்திலேயே உடைந்து நுரையாகிவிட்டது. முன் பையில் தண்ணீரை ஏற்றினேன், இறக்கினேன், ஒன்றுக்கும் மசியவில்லை. அந்தப் பெண் கயிற்றை விடுவதும் விழுவதுமாக இருந்தாள். சம்பந்தி பாவம், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல்தான் கேட்டார், "மாப்பிள்ளை ஓட்டினா நல்லா வரும்னு சொன்னாளே?" என்று. எனக்குச் சுருக்கென்று தைத்தது. உன் பெயர் கேட்டுப் பெருமைப்பட வேண்டிய அப்பன், உன்னோடு போட்டிக்கு நின்றேன் என்று எழுத இப்போதும் கை கூசுகிறது.

படகைத் துறைக்குப் பக்கமாகக் கொண்டுவந்து எஞ்சினை நிறுத்தினேன். எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகின தொண்டை இது, எஞ்சின் நின்றது தொண்டைக்குத் தெரியவில்லை. திரும்பி சம்பந்தியம்மாவைப் பார்த்து, "சம்பந்தியம்மா, உங்க வெயிட்டு எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டேன். அதோடாவது நிறுத்தியிருக்கலாம். "கூச்சப்படாதீங்க, நமக்கு இப்ப வெயிட்டுதான் வேணும், நீங்க பின்னாடி இடது மூலைக்கு வந்துட்டா போதும், தண்ணியே வேண்டாம்" என்றேன். துறையில் டிக்கெட்டுக்கு நின்ற வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. யாரோ சிரித்தார்கள். உன் அம்மா என் முதுகில் கிள்ளினாள், அது எதற்கு என்றுகூட எனக்கு உறைக்கவில்லையடா. சம்பந்தியம்மா எழுந்து, படகு ஆடாதபடி மெதுவாக நடந்து, நான் காட்டிய மூலையில் போய் உட்கார்ந்தார். போனைப் பைக்குள் வைத்துவிட்டார்.

இதற்கப்புறம் நடந்ததுதான் என்னைத் தூங்கவிடாமல் படுத்துகிறது. படகை மறுபடி கிளப்பினேன், அலை வந்தது. நீ ஓட்டும்போதுகூட அப்படி ஒரு அலையை நான் பார்த்ததில்லை, வழவழவென்று கண்ணாடி மாதிரி எழும்பி அப்படியே நின்றது. அந்தப் பெண் கயிற்றை வீசி எறிந்துவிட்டு இரண்டு கையையும் விரித்து நின்றாள், விழவில்லை, அம்மா அம்மா என்று கூப்பிட்டாள். நான் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டு, "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல!" என்று கத்தினேன். கத்திவிட்டுத்தான் கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். அலைக்கு ஒரு கை தூரத்தில் இருந்தவர் அதைப் பார்க்கவே இல்லை. தலையைக் குனிந்து படகின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்ணும் அதைப் பார்த்துவிட்டாள், சிரிப்பு நின்றது, அடுத்த நிமிஷம் தண்ணீரில் இருந்தாள். எதைப் பார்க்க அந்த அம்மாளை அழைத்துக்கொண்டு வந்தேனோ, அதைப் பார்க்க முடியாமல் செய்தவனும் நான்தான்.

கரைக்கு வந்ததும் வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார்கள். அம்மா சமைத்து வைத்திருந்தது அப்படியே இருந்தது. அன்று சாயங்காலம் அந்தப் பெண் உன் அம்மாவுக்குப் போன் செய்து சொன்னாளாம், மூச்சுத்திணறலுக்குச் சாப்பிடுகிற மருந்தால் தன் அம்மாவுக்கு உடம்பு போட்டதாம், அதிலிருந்து யார் வீட்டு விசேஷத்துக்கும் போவதில்லையாம், போட்டோ என்றால் பின்னால் போய் நின்றுகொள்வாராம். தபால் நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து செய்யும் வேலை என்பதால் அது மட்டும் பிடிக்குமாம். பெண் கெஞ்சிக் கூத்தாடித்தான் படகுக்கு வர ஒப்புக்கொண்டாராம். கல்யாணப் பேச்சு என்ன ஆகும் என்று அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, "வேண்டாம்னு அம்மா சொல்லல அத்தை, ஆனா அதைப் பத்திப் பேச்சே எடுக்க மாட்டேங்கறாங்க" என்றாளாம். அம்மா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் நான் சோபாவோடு சோபாவாகப் போனேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

நீ ஆட்களை ஏற்றும்போது பேசுவதெல்லாம் இப்போது ஞாபகம் வருகிறது. "நீங்க இங்க வாங்க, அலை பக்கத்துலயே தெரியும்" என்பாய் ஒருவரிடம். "நீங்க முன்னாடி உக்காருங்க, காத்து நல்லா வரும்" என்பாய் இன்னொருவரிடம். எடையைத்தான் பிரிக்கிறாய் என்று எனக்குத் தெரியும், அதற்கு எதற்கு இத்தனை பேச்சு, ஆளைப் பார்த்து அங்கே போ இங்கே போ என்றால் ஆயிற்றே என்று உன்னைக் கிண்டல் செய்வேன். தியேட்டரில் சீட்டு காட்டுகிறவன் என்று பெயர்கூட வைத்தேன். உன் படகிலிருந்து யாரும் தலை குனிந்து இறங்கியதில்லை என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

நேற்று தபால் நிலையத்துக்குப் போனேன். மன்னிப்புக் கேட்பது என்று முடிவு செய்து வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். வரிசையில் நின்று சம்பந்தியம்மா முன்னால் போய் வாயைத் திறந்தபோதுதான் பின்னால் நிற்கிற கூட்டம் ஞாபகம் வந்தது. இங்கே என் குரலில் அதைச் சொன்னால் இன்னொரு முறை ஊரைக் கூட்டின மாதிரிதான். ஒரு தபால்தலை வேண்டும் என்றேன், மகனுக்குக் கடிதம் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்து, "எடை தெரியாம எவ்வளவு ஒட்டணும்னு சொல்ல முடியாதுங்க, எழுதி எடுத்துட்டு வாங்க" என்றார். அதில் குத்தல் இருந்ததா, வெறும் வேலைப் பேச்சா என்று எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் எனக்கு அது வேண்டியதுதான். அதனால் இந்தக் கடிதம் அவர் கை வழியாகத்தான் உனக்கு வரப்போகிறது.

பம்பை மாற்றிவிட்டேன், ஸ்பேனர் வந்து போட்டுக் கொடுத்தான், பை நிமிஷத்தில் நிரம்புகிறது. கேடு நடந்த பிறகு செய்த காரியத்துக்குப் பெருமை என்ன வேண்டியிருக்கிறது. நீ சம்பந்தியம்மாவுக்கு எழுதும்போது எங்கப்பா நல்லவர், மனசில் ஒன்றுமில்லை என்றெல்லாம் எனக்காகப் பரிந்து பேசாதே. அந்தப் பெண்ணிடம் மட்டும் அன்பாகப் பேசு, நடுவில் மாட்டிக்கொண்டு தவிப்பவள் அவள்தான். என்னால் உன் வாழ்க்கைக்கு ஒரு கெடுதல் வந்துவிடக் கூடாது என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். நீ நீண்ட ஆயுளோடு, உன்னைப் போலவே பிறர் மனசறிந்த மனைவியோடு, நிறைவாக வாழ வேண்டும். கோட்டு வாங்க மறக்காதே, காதையும் மூடிக்கொள்.

இப்படிக்கு,
தலை குனிந்திருக்கும் உன் அப்பா

பின்குறிப்பு: தபால் நிலையத்தில் ஓரமாக நின்று எழுதுகிறேன். உறையை ஒட்டாமலே கொண்டுபோனேன், தராசில் வைத்துப் பார்த்து, "நிறைய எழுதியிருக்கீங்க போல, ஒரு தபால்தலை பத்தாது, இன்னொண்ணு ஒட்டணும்" என்றார். பின்னால் வரிசை நின்றது. கண்ணாடியில் இருக்கிற ஓட்டைக்குப் பக்கத்தில் குனிந்து மன்னிப்புக் கேட்டேன். "என்ன சொல்றீங்க, காதுல விழல" என்றார். என் குரல் இத்தனை சின்னதாக வரும் என்று எனக்கே தெரியாது. மறுபடி கேட்டேன். அவர் தபால்தலையைக் கிழித்து நீட்டினார். அப்புறம், "அன்னைக்கு அவ நின்னதை நான் பாக்கவே இல்ல" என்றார். வருகிற ஞாயிற்றுக்கிழமை வருவாராம். அதே மூலையில்தான் உட்காருவாராம், அங்கிருந்துதான் அவள் நன்றாகத் தெரிவாளாம். "நானாப் போய் உக்காந்துக்கறேன், நீங்க மட்டும் வாயைத் திறக்கக் கூடாது" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.