தப்பு வழி சொல்ல ஓர் ஆள்

வாயைத் திறந்தால் பொய்யைத் தவிர வேறொன்றும் வராத என் அருமை மச்சானுக்கு,

காலையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. எழுந்தால் வாசல்வரை போய்விட்டுத் திரும்பத் தோன்றுகிறது. என் பெண்டாட்டி சுமதி வைத்துவிட்டுப் போன காபி ஆறி ஏடு கட்டிக் கிடக்கிறது. உங்களுக்கென்ன காலில் சக்கரமா என்று அவள் கேட்டுவிட்டாள். கடைச் சாவியை எடுத்தேன், திரும்ப ஆணியில் மாட்டிவிட்டேன்.

உங்களிடம் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். நீங்கள் போய் ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது என்பதற்காகச் சொல்லாமல் இருக்க முடியுமா? இது அக்காவைப் பற்றியது. இத்தனை வருஷம் அவளோடு குடும்பம் நடத்தியும் உங்களுக்குத் தெரியாமல் போன ஒன்று. எனக்கே இன்று காலையில்தான் தெரிந்தது.

இந்தக் கடிதத்தை எட்டிப் படிக்கிறவர்களுக்கு உங்களைத் தெரியாது. அவர்களுக்காக ஒரு வார்த்தை. நீங்கள் என் அக்கா வள்ளியின் வீட்டுக்காரர். பகலில் பஸ் டெப்போவில் குமாஸ்தா. மற்ற நேரமெல்லாம் மனிதர்களின் கண்ணைக் கட்டுகிற ஆள். பிறந்தநாள், பழைய மாணவர் கூட்டம், அறுபதாம் கல்யாணம் என்று காரைக்குடியைச் சுற்றி எங்கே நாலு பேர் கூடினாலும், விசிலையும் கட்டுகிற துணியையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு பெண்டாட்டிக்குப் பொட்டு வைக்கச் சொல்வீர்கள். ஒருத்தர் மாமியார் மூக்கில் வைத்துவிட்டு, ஒரு வாரம் அந்த வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை.

ஆத்தங்குடியில் ஒரு பெரிய வீட்டு விசேஷம் நினைவிருக்கிறதா? கண்ணைக் கட்டிவிட்ட ஆச்சி ஒருவர், ஒரு தூணிலும் முட்டாமல் நேரே போய்த் தன் வீட்டுக்காரர் கையைப் பிடித்துவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். நீங்கள் மட்டும் ஆச்சியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். வழவழப்பான தரைக்கும் முற்றத்துக் கருங்கல்லுக்கும் நடுவில் இருக்கிற விளிம்பைப் பெருவிரலால் தடவிக்கொண்டே அவர் நடந்திருக்கிறார். "அவுகளுக்குக் கண்ணு கால்ல இருக்கு மாப்ள" என்றீர்கள். அதற்குப் பிறகு எந்தப் பழைய வீட்டுக்குப் போனாலும், முதலில் ஜமக்காளத்தை விரிக்கச் சொன்ன பிறகுதான் விசிலைக் கையில் எடுப்பீர்கள். விளையாட்டில் ஏமாற்றுகிற உரிமை உங்களுக்கு மட்டும்தான் உண்டு என்பது உங்கள் சட்டம்.

அந்த உரிமையை நீங்கள் அதிகமாகப் பயன்படுத்தியது என் அக்காவிடம்தான். காணும் பொங்கல் அன்று நம் காலனி மைதானத்தில் பானை உடைக்கிற போட்டி. கண்ணைக் கட்டி, சுற்றிவிட்டு, கம்பைக் கையில் கொடுத்ததும் ஊரே கத்தும். பாதி பேர் இங்குட்டு என்பான், பாதி பேர் அங்குட்டு என்பான். அக்கா ஒருத்தர் குரலையும் காதில் வாங்கமாட்டாள். தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்றுகொண்டு நீங்கள், "வள்ளி, சோத்தாங்கைப் பக்கம் திரும்பு, இப்ப நேரா வா" என்பீர்கள். அவளும் வருவாள். ஒரு வருஷம் சின்டெக்ஸ் தொட்டியை அடித்தாள். ஒரு வருஷம் மைக் கம்பியை. இன்னொரு வருஷம் சங்கச் செயலாளரின் புது ஸ்கூட்டர் சீட்டை. கண்ணை அவிழ்த்ததும் திட்ட ஆரம்பித்தால் வீட்டு கேட் வரைக்கும் திட்டுவாள். நீங்கள் மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு, பல்லைக் காட்டியபடி பின்னாலேயே போவீர்கள்.

எனக்கு ஒன்றுதான் புரியவே இல்லை. ஒரு தடவை ஏமாறலாம். இரண்டு தடவை ஏமாறலாம். வருஷா வருஷம் ஒரு மனுஷி எப்படி உங்களை நம்பினாள்?

பிறகு அந்த ஆடி மாதம். டெப்போவுக்குக் கிளம்பினவர் செருப்பை மாட்டிக்கொண்டே சாய்ந்துவிட்டீர்கள். உங்கள் மகன் இளங்கோ கோயம்புத்தூரிலிருந்து வந்து உங்களுக்குக் கொள்ளி வைத்தான். அவன் தோளில் குடத்தோடு சுற்றியபோது பிடித்துக்கொண்டு கூட நடந்தவன் நான். அந்தக் குடம் விழுந்து உடைந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது மச்சான். அதிலிருந்து மண்பானை விற்கிற கடைப் பக்கம் போனால் வண்டியைக் கொஞ்சம் வேகமாக ஓட்டுகிறேன்.

போன பொங்கலுக்கு நம் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. காலனியிலும் பானை கட்டவில்லை. இந்த வருஷம் காலனிப் பிள்ளைகளும் பசங்களும் கேட்டுக் கேட்டு, செயலாளர் என்னிடம் வந்தார். இனி நான்தான் கண்ணைக் கட்ட வேண்டும், அக்கா வேறு யாருக்கும் அந்தத் துணியைத் தரமாட்டாள் என்றார். கூடவே அக்காவுக்கு ஒரு மரியாதை செய்ய வேண்டும் என்றும் சொன்னார். உங்கள் பேரில் ஒரு கோப்பை, அதை அக்கா கையால் கொடுப்பது, முன்வரிசையில் அவளுக்குத் துண்டு விரித்த நாற்காலி.

பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவள் கையில் கம்பைக் கொடுக்க வேண்டாம் என்றார். வீட்டுக்காரரைப் பறிகொடுத்த பொம்பளை பானையை உடைத்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், கௌரவமாக உட்கார்ந்திருக்கட்டும் என்றார். கெட்ட மனுஷன் இல்லை, உங்களுக்கே தெரியும். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

துணியை வாங்க அக்கா வீட்டுக்குப் போனேன். அவளுடைய பழைய கண்டாங்கிச் சேலையில் கிழித்த துணிதானே. நாலாக மடித்துக் கட்டினால் உச்சி வெயில்கூட உள்ளே நுழையாது. பீரோவில் துவைத்து மடித்து வைத்திருந்தாள். யார் கட்டப் போகிறார்கள் என்று கேட்டாள். நான்தான் என்றேன். உனக்குக் கட்டத் தெரியுமா என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். நாற்காலியைப் பற்றி அவளிடம் சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

நேற்று சாயங்காலம் மைதானத்துக்கு வந்தாள். கொண்டுபோய் அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வருகிறவர்கள் எல்லோரும் ஆஸ்பத்திரியில் பேசுகிற குரலில் அவளிடம் பேசினார்கள். சாப்பிட்டீகளா, உடம்பு தேவலையா, ஸ்வெட்டர் போட்டா குளிராது. எங்கள் அக்கா மச்சான், ஸ்கூட்டர் சீட்டைக் கிழித்த அக்கா, மடியில் கையை வைத்துக்கொண்டு தலையாட்டிக்கொண்டே இருந்தாள். விசிலை வாயில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தேன், ஊதவேண்டிய இடத்தில் ஊதவில்லை.

ஆண்கள் சுற்றில் பானை தப்பித்துவிட்டது. பெண்கள் சுற்றுக்குப் பெயர் வாசித்தார்கள். வாசித்து முடித்ததும் அக்கா எழுந்தாள்.

"என் பேரை ஏன் கூப்பிடல?"

செயலாளர் என்னைப் பார்த்தார். நான் விசிலைப் பார்த்தேன். அக்கா யாருடைய பதிலுக்கும் காத்திருக்கவில்லை. நடந்துவந்து கம்பை வாங்கிக்கொண்டு என் முன்னால் முதுகைக் காட்டி நின்றாள். கட்டுடா என்றாள்.

கட்டினேன். எப்படிக் கட்டினேன் என்று கேட்டால் திட்டுவீர்கள். இரண்டு மடிப்புதான், அதுவும் மூக்குக்கு மேலே கொஞ்சம் தூக்கி. கீழே சுண்ணாம்புக் கோடு பானை வரைக்கும் போட்டிருந்தது. குனிந்து பார்த்துக்கொண்டே போனால் பானைக்கு நேர் கீழே போய் நிற்கலாம். ஒரே அடியில் உடைத்துவிட்டு, நல்ல பேரோடு திரும்பி வந்து உட்காரட்டும் என்று நினைத்தேன்.

"கீழ கோடு தெரியுதுடா. ஒழுங்கா கட்டு."

சின்னக் குரலில், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். அவிழ்த்து நாலாக மடித்து, இழுத்துக் கட்டினேன். சுற்றிவிட்டு விலகினேன்.

அப்போதுதான் மச்சான் அந்தக் கொடுமை நடந்தது. ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு பெரிய மைதானம், கத்துவதற்கென்றே வந்த கூட்டம், எல்லோரும் பரிதாபப்பட்டுக்கொண்டு சும்மா நின்றார்கள். தப்பு வழி சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. சரியான வழி சொல்வதும் ஆட்டத்தில் இல்லை. அக்கா கம்பைத் தரையில் ஊன்றிக்கொண்டு காதைக் கொடுத்தபடி நின்றாள். உங்கள் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் அவள் முகம் திரும்பியது. திரும்பியது திரும்பியபடியே நின்றது.

"என்ன, எல்லாரும் ஊமையாயிட்டீக? யாராச்சும் பொய் சொல்லுங்க. வெறும் இருட்டுல நான் எப்புடி நடக்கிறது?"

பானை அவளுக்கு இடதுபக்கம், கிட்டேயே தொங்கியது. உண்மையைச் சொன்னால் உடைத்துவிடுவாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லோரும் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டலோடு அவளைத் திரும்ப அந்த நாற்காலியில் உட்கார வைப்பார்கள். அடுத்த வருஷமும், அதற்கடுத்த வருஷமும்.

ஓடிப்போய்க் குழாய்ப் பக்கம் நின்றேன். "அக்கா, சோத்தாங்கைப் பக்கம் திரும்பு. இன்னும் கொஞ்சம். இப்ப நேரா வா" என்று கத்தினேன்.

கூட்டம் என்னைத் திரும்பிப் பார்த்தது. பிறகு யாரோ ஒரு பெண் இங்குட்டு என்றாள். இன்னொருத்தன் அங்குட்டு என்றான். பிறகு மைதானம் மைதானமாகிவிட்டது. அத்தனை சத்தத்திலும் அக்கா என் குரலைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நின்றாள். கம்பை ஓங்கி ஒரே போடு. துண்டு விரித்த அந்த நாற்காலி கைப்பிடி தெறித்துக் கவிழ்ந்தது. நாற்காலி அங்கே கிடந்தது உனக்குத் தெரியாதா மாப்ள என்று கேட்பீர்கள். கேளுங்கள்.

எல்லோரும் சிரித்தார்கள் பாருங்கள், செயலாளர் உட்பட. அக்கா துணியைக் கழற்றி நாற்காலியைப் பார்த்தாள், தூரத்தில் ஆடாமல் தொங்கிய பானையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இத்தன வருசம் அவுக ஏமாத்துனாக. இப்ப நீ ஆரம்பிச்சுட்டியாடா?"

கடைசியில் பானையை உடைத்த பெண்ணுக்குக் கோப்பையை நின்றுகொண்டே கொடுத்தாள். பிறகு வீட்டு கேட் வரைக்கும் திட்டினாள். மஞ்சப்பையோடு நான் பின்னாலேயே போனேன். ஒன்றரை வருஷமாக அவள் சத்தம் கேட்காத தெரு அது. எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். இரண்டு பேர் இதெல்லாம் நல்லதுக்கில்லை என்று முணுமுணுத்தது என் காதிலும் விழுந்தது. அவள் கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போனதும் எனக்குப் பக்கென்றது. தனியாக உட்கார்ந்து அழுவாளோ? நான் விளையாடியது விளையாட்டா, வினையா? அதனால்தான் காலையில் பால் வாங்குகிற சாக்கில் ஒரு தடவை அவள் வீட்டைத் தாண்டிப் போனேன். பாலை வைத்துவிட்டு மறுபடியும் போனேன்.

இரண்டாம் தடவை கொடியில் அந்தத் துணி துவைத்துக் காய்ந்துகொண்டிருந்தது. அக்கா சன்னலிலிருந்து, ஏன்டா தெருவை அளக்கிறாய் என்றாள். நேற்றுப் பொய் சொன்னதற்குக் கோபமா, நான் ஏமாற்றுகிறேன் என்று உனக்குத் தெரியவில்லையா என்று கேட்டேன்.

"தெரியும்டா. அவுக சொன்னப்பவும் தெரியும்."

அவ்வளவுதான் சொன்னாள். அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று உள்ளே போய்விட்டாள்.

கேட்டீர்களா மச்சான்? ஒரு வருஷம்கூட அவள் ஏமாறவே இல்லை. தொட்டி என்று தெரிந்துதான் தொட்டியை அடித்திருக்கிறாள். இதை உங்களிடம் சொல்லாமல் நான் எப்படி ஓரிடத்தில் உட்காருவது?

வருகிற பொங்கலுக்கும் துணியை நாலாக மடித்துத்தான் கட்டுவேன். குழாய்ப் பக்கம் நிற்பேன். என் அக்காவுக்கு ஒருநாளும் சரியான வழி சொல்லமாட்டேன். இது சத்தியம், இது மட்டும் பொய்யில்லை.

பையைத் தூக்கிக்கொண்டு அக்கா பின்னால் வருகிற,
உங்கள் மாப்பிள்ளை
பாண்டி